லண்டன் சவாய் ஹோட்டல்: குழாய், விளக்கு, அடுப்பு வழியாக ஒரு வரலாறு (விவாத இழை)

நீராவி_நிலையம்

சவாயைப் பற்றி எதை எடுத்துப் படித்தாலும் யார் வந்தார், யார் தங்கினார் என்ற பட்டியல்தான். 1889 ஆகஸ்ட் 6 அன்று அது திறந்தபோது லண்டனின் மற்ற ஹோட்டல்களிலிருந்து அதைப் பிரித்துக் காட்டியவை சுவருக்குள் ஓடிய குழாயும் கம்பியும். அந்தப் பக்கத்தைப் பேசத்தான் இந்த இழை.

கட்டியவர் ரிச்சர்ட் டாய்லி கார்ட், நாடகக் கம்பெனி முதலாளி. கில்பர்ட், சல்லிவன் இருவரின் இசை நாடகங்களை நடத்திச் சம்பாதித்தவர். அவற்றில் 'மிகாடோ' மட்டும் 1885-இல் தொடங்கி 672 தடவை மேடையேறியது. கம்பெனியோடு அமெரிக்கா போய்வந்தவர், அங்கிருந்த ஹோட்டல் வசதிகளைப் பார்த்துவிட்டு, லண்டனில் ஏன் இவை இல்லை என்று கேட்டார்.

குளியலறை விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1887-இல் நார்தம்பர்லண்ட் அவென்யூவில் திறந்த விக்டோரியா ஹோட்டலில் 500 பேர் தங்கலாம், குளியலறை 4. சவாயில் கார்ட் கேட்டது 60-க்கும் மேல். கட்டட ஒப்பந்தக்காரர் ஹாலோவே, 'உங்கள் விருந்தாளிகள் என்ன, நீரிலும் நிலத்திலும் வாழும் பிராணிகளா?' என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. கேள்வியில் நியாயம் இருந்தது. குளியலறைகளைக் கூட்டினால் போதாது: மேல்மாடி வரை அழுத்தம், இரவு பகலாக எரியும் பாய்லர், ஒவ்வொரு தளத்திலிருந்தும் இறங்கும் கழிவுக் குழாய், அதன் காற்றுப்போக்கி என்று மொத்தச் செலவும் கூடும்.

கட்டண விதியும் புதிது. மற்ற ஹோட்டல்கள் மெழுகுவத்தி, வெந்நீர், பணிவிடை எல்லாவற்றையும் தனித்தனியாக பில்லில் ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில், சவாயில் குளியலுக்கும் விளக்குக்கும் பணிவிடைக்கும் தனிக் காசு கிடையாது.

கரைமணல்

நல்ல தொடக்கம். ஆனால் இன்னும் 30 வருடம் பின்னால் போகணும். 1858 கோடையில் தேம்ஸ் நாறிய நாற்றத்தில் நாடாளுமன்றமே நடக்க முடியாமல் திணறியது. அதன் பிறகுதான் பொறியாளர் பேசல்ஜெட் கழிவுநீர்ச் சுரங்கங்களை அமைத்தார். அதில் ஒரு பெரிய சுரங்கம் விக்டோரியா கரைச்சாலைக்கு அடியிலேயே போகிறது. அதையொட்டி நிலத்தடி ரயில். கரைச்சாலை 1870-இல் திறந்தது. அதற்கு முன்னால் ஆற்றைப் பார்த்து ஜன்னல் வைத்து ஆடம்பர ஹோட்டல் கட்டுகிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால் ஒரு வங்கியும் பணம் போட்டிருக்காது. சவாயின் அதிக விலை அறைகள் இன்றைக்கும் ஆற்றுப் பக்கம்தான். அந்த விலைக்கு அடித்தளம் போட்டது பேசல்ஜெட்டின் சாக்கடை.

பல்புப்பித்தன்

'ஐரோப்பாவின் முதல் மின் லிஃப்ட் சவாயில்தான்' என்று பல இடத்தில் போட்டிருக்கிறார்களே, அதை இங்கே தீர்த்துவிடலாமா? மின்சாரத்துக்கு அப்போது ஊர்ப் பொது இணைப்பும் கிடையாது. எங்கிருந்து எடுத்தார்கள்?

நீராவி_நிலையம்

@பல்புப்பித்தன் மின் லிஃப்டை முதலில் ஓட்டிக் காட்டியது சீமென்ஸ், 1880-இல் ஜெர்மனியின் மன்ஹைம் கண்காட்சியில். ஆகவே 'ஐரோப்பாவில் முதல்' என்பது நிற்காது. சவாய் தன் விளம்பரத்தில் லிஃப்டுகளை 'மேலேறும் அறைகள்' என்று அழைத்தது. முதலா இரண்டாவதா என்பதைவிட அதன் வணிக விளைவுதான் முக்கியம். படிக்கட்டு மட்டும் இருந்த காலத்தில் மேல்மாடி என்றால் மலிவு, மூச்சு வாங்க ஏறணும். லிஃப்ட் வந்ததும் வெளிச்சமும் காட்சியும் உள்ள மேல்மாடி அறைக்கு நல்ல வாடகை கேட்க முடிந்தது.

மின்சாரத்துக்கு ஒத்திகை பக்கத்து வீட்டிலேயே நடந்துவிட்டது. கார்ட்டின் சவாய் தியேட்டர் 1881 அக்டோபர் 10-இல் திறந்தது. ஜோசப் ஸ்வானின் விளக்குகள் சுமார் 1,200, பக்கத்துக் காலி மனையில் நீராவி எஞ்சினும் ஜெனரேட்டரும். முதல் நாளே சிக்கல்: ஜெனரேட்டரின் சக்தி மொத்த விளக்குக்கும் போதவில்லை. அதனால் பார்வையாளர் கூடத்தில் மட்டும் மின்விளக்கு, மேடையில் பழையபடி வாயு விளக்கு. மேடைக்கும் மின்சாரம் வந்தது டிசம்பர் 28-இல். அன்று கார்ட் மேடைக்கு வந்து, எரிகிற பல்பு ஒன்றை மஸ்லின் துணியில் சுற்றி உடைத்துக் காட்டினார். பல்பு அணைந்தது, துணியில் பொட்டுக் கருகல் இல்லை. வாயுத் தீ விபத்துகளில் தியேட்டர்கள் எரிந்துகொண்டிருந்த காலம். மக்களுக்கு அந்த ஒரு செய்கை போதுமாக இருந்தது.

ஹோட்டலும் சொந்த மின்நிலையத்தோடுதான் திறந்தது. இதில் கஷ்டமான பகுதி எஞ்சின் வேகத்தை நிலையாக வைப்பது. கரி இழை பல்புக்கு அழுத்தம் 5% ஏறினாலே ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். 5% இறங்கினால் சிவந்து மங்கும். மாலை 7 மணிக்கு எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் விளக்கைப் போடுவார்கள், விருந்து முடிந்ததும் ஒரே நேரத்தில் அணைப்பார்கள். எஞ்சின் அறையில் ஆள் கண்ணை மூட முடியாத வேலை.

பாறைநீர்

தண்ணீர்ப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். சவாய்க்குச் சொந்தமாக ஆழ்துளை ஊற்றுக் கிணறு இருந்தது. லண்டனுக்கு அடியில் அடுக்கு இப்படி: மேலே சரளை, அதன் கீழே தடிமனான லண்டன் களிமண், அதற்கும் கீழே சுண்ணப்பாறை. களிமண் நீர் விடாது. ஆகவே பாறைக்குள் இருக்கும் நீர் அழுத்தத்தில் நிற்கும். துளை போட்டால் தானே மேலெழும். 1840-களில் டிரஃபால்கர் சதுக்க நீரூற்றுகளுக்கே இந்தப் பாறைநீரைத்தான் எடுத்தார்கள்.

பாய்லர் வைத்திருப்பவருக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. லண்டன் குழாய்நீர் கடினநீர், பாய்லருக்குள் சுண்ணாம்பு படியும். படிந்தால் வெப்பம் நீருக்குப் போகாது, நிலக்கரி வீணாகும், தகடு சூடேறிப் பிளக்கும். நகர மையத்தில் களிமண்ணுக்கடியில் நெடுங்காலம் கிடந்த நீர், கால்சியத்தை விட்டு சோடியத்தை எடுத்துக்கொண்டு இயல்பாகவே மென்மையாகியிருக்கும்.

தீங்கும் இருந்தது. மதுவடிப்பாலை, தொழிற்சாலை, ஹோட்டல் என்று எல்லாரும் உறிஞ்சியதில் நீர்மட்டம் பல பத்து மீட்டர் இறங்கியது. 1960-களுக்குப் பிறகு தொழிற்சாலைகள் வெளியேற, நீர் திரும்ப ஏறி, சுரங்க ரயிலுக்கும் அடித்தளங்களுக்கும் ஆபத்தாகி, திட்டமிட்டு இறைக்க வேண்டிய நிலைக்கு வந்தது.

அடுப்படி_ஆச்சி

எல்லாம் சரிதான், ஆனால் தம்பிகளா, குழாயும் பல்பும் ஹோட்டலை நிரப்பவில்லை. திறந்த முதல் சில மாதம் சவாய் தள்ளாடியது. வசதிகள் இருந்தன; உபசரிப்பும் சாப்பாடும் கைகொடுக்கவில்லை. கார்ட் போய் ஹோட்டலை நடத்த சேசர் ரிட்ஸைப் பிடித்துக்கொண்டு வந்தார். 1890-இல் பிரெஞ்சுச் சமையல் நிபுணர் எஸ்காஃபியே சமையலறைக்கு வந்தார். அதன் பிறகுதான் மேஜைக்கு முன்பதிவு தேட ஆரம்பித்தார்கள்.

எஸ்காஃபியே செய்ததும் ஒருவகையில் உங்கள் எஞ்சின் அறை வேலைதான். பழைய முறையில் ஒவ்வொரு பிரிவும் தன் பண்டத்தை அடி முதல் நுனி வரை தானே முடிக்கும். 'மேயர்பேர் முட்டை' என்ற ஒரு தட்டைப் பாருங்கள்: வெண்ணெயில் சுட்ட முட்டை, வாட்டிய ஆட்டுச் சிறுநீரகம், டிரஃபிள் காளான் சாறு. ஒரே ஆள் செய்தால் கால் மணி நேரம். எஸ்காஃபியே பிரித்தார்: முட்டை ஒரு பிரிவுக்கு, சிறுநீரகம் வாட்டல் பிரிவுக்கு, சாறு சாறுப் பிரிவுக்கு. மூன்றும் ஒரே நேரத்தில் தொடங்கிச் சில நிமிடத்தில் ஒரே தட்டில் சேரும். தியேட்டர் விட்டதும் கூட்டம் மொத்தமாக வந்து உட்கார்கிற ஹோட்டலுக்கு இது இல்லாமல் முடியாது.

இதில் எங்கே சறுக்கும் என்றால், சேரும் இடத்தில். ஒரு பிரிவு இரண்டு நிமிடம் பிந்தினால் மற்ற இரண்டும் ஆறிப்போகும். அதனால்தான் ஆர்டரை உரக்கப் படிக்க ஒரு ஆள், தட்டு போகுமுன் பார்க்க ஒரு கண். அடுப்படியில் மதுவையும் நிறுத்தினார். வெக்கைக்குக் குடிக்க பார்லி கஞ்சித் தண்ணீர் வைத்தார். வெறும் ஒழுக்கம் என்று நினைக்காதீர்கள், வெக்கையில் குடித்த கை கத்தி பிடித்தால் விரல் போகும்.

தேன்பாகு

@அடுப்படி_ஆச்சி அப்படியே பீச் மெல்பாவையும் சொல்லிவிடுங்கள் ஆச்சி. இங்கே டப்பா பீச், ஜாம், கிரீம் என்று என்னென்னவோ போட்டு அதே பெயரில் விற்கிறார்கள்.

அடுப்படி_ஆச்சி

பாடகி நெல்லி மெல்பா கோவென்ட் கார்டன் அரங்கில் 'லோஹென்கிரின்' இசை நாடகத்தில் பாடிக்கொண்டிருந்த சமயம், 1890-களின் தொடக்கம். அந்தக் கதையில் வரும் அன்னத்தை நினைத்து, பனிக்கட்டியில் அன்னம் செதுக்கி, இறக்கைகளுக்கு நடுவே வெனிலா ஐஸ்கிரீம் மேல் பீச்சை வைத்து எஸ்காஃபியே அனுப்பினார். அப்போது ராஸ்பெரி கிடையாது! அந்தச் சிவப்புக் கூழ் சேர்ந்தது 1899-இல், அவர் கார்ல்டன் ஹோட்டலுக்குப் போன பிறகு. சவாயில் பிறந்தது பாதி, கார்ல்டனில் நிறைந்தது பாதி.

அவர் எழுதிவைத்த அளவு: நன்கு பழுத்த மென்மையான பீச் 6, வெனிலா ஐஸ்கிரீம் 1 லிட்டர், ராஸ்பெரி 250 கிராம், பொடித்த சர்க்கரை 150 கிராம். பீச்சைக் கொதிநீரில் 2 விநாடி மட்டும் போட்டு எடுத்து உடனே பனிநீரில் போடணும். தோல் கழன்று வரும். உரித்து, கொஞ்சம் சர்க்கரை தூவி, குளிரில் வைக்கணும். ராஸ்பெரியை நைஸான சல்லடையில் தேய்த்து விதையை நீக்கி, சர்க்கரை கலந்து, அதையும் குளிரவைக்கணும். வெள்ளிக் கிண்ணத்தில் ஐஸ்கிரீம், மேலே பீச், மேலே கூழ். பச்சை பாதாம் கிடைக்கிற பருவமென்றால் சீவிப் போடலாம். காய்ந்த பாதாம் கூடவே கூடாது என்கிறார்.

கெடுவது மூன்று இடத்தில். காய்ப் பீச் என்றால் 2 விநாடியில் தோல் வராது, விட்டுவைத்தால் மேல்சதை வெந்து வழவழக்கும். ராஸ்பெரியை அடுப்பில் காய்ச்சினால் ஜாம் ருசி வந்துவிடும், பச்சைப் புளிப்பு போய்விடும். கூழ் குளிராமல் ஊற்றினால் ஐஸ்கிரீம் உருகி ரோஸ் தண்ணீர் ஆகும்.

கணக்குப்பிள்ளை

1898-ஐ யாரும் தொடவில்லையே. மார்ச் மாதம் ரிட்ஸ், எஸ்காஃபியே, உணவுக்கூடத் தலைவர் எஷனார் மூவரையும் சவாய் நீக்கியது. 3,400 பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள ஒயினும் மதுவும் கணக்கில் வரவில்லை. எஸ்காஃபியே சரக்கு வியாபாரிகளிடம் கமிஷன் வாங்கினார் என்பது தனிக் குற்றச்சாட்டு. விஷயம் நீதிமன்றத்தில் முடியவில்லை. 1900-இல் தவறை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள், அப்போது விஷயம் வெளியே தெரியாமல் அமுங்கியது. எஸ்காஃபியே ஒப்புக்கொண்டது 8,000 பவுண்டு, கட்ட முடிந்தது 500.

சமையல் மேதைகளை இழிவுபடுத்த இதைச் சொல்லவில்லை. கொள்முதலும் சமையலும் ஒரே கையில் இருந்தால், எடை குறைவாக வந்த சரக்குக்கும் முழு எடைக்குக் கையெழுத்து விழும். வரவு வைப்பவர் வேறு, வாங்குபவர் வேறு, சமைப்பவர் வேறு என்று பிரிப்பதற்கு இது நல்ல பாடம். ரிட்ஸ் அதே 1898 ஜூனில் பாரிஸில் தன் பெயரில் ஹோட்டல் திறந்துவிட்டார். சவாயின் வாடிக்கையாளர் பலர் அவர் பின்னாலேயே போனார்கள். சவாய்க்கு விழுந்த பெரிய அடி அந்த மதுக் கணக்கைவிட இதுதான்.

வலதுபக்கம்

ஹோட்டல் வாசலுக்குப் போகும் சவாய் கோர்ட் பாதையில் மட்டும் வண்டிகள் வலது பக்கம் போகின்றன. அதற்குத் தனியாக நாடாளுமன்றச் சட்டம் இருக்கிறது என்கிறார்கள். உண்மையா?

கரைமணல்

அதற்குச் சட்டமே தேவையில்லை. சவாய் கோர்ட் தனியார் பாதை, பொதுச் சாலை விதி அங்கே கட்டாது. காரணம் இட அமைப்பு. ஸ்ட்ராண்ட் தெருவிலிருந்து உள்ளே திரும்பினால் தியேட்டர் வாசல் வலது கையில், ஹோட்டல் வாசல் நேரே கடைசியில். வலது ஓரமாகப் போனால் நாடகத்துக்கு வந்தவர் நேராகத் தியேட்டர் படியில் இறங்கலாம். ஓட்டுநர் இருக்கையும் வலது பக்கம் என்பதால், பின்பக்கம் கீல் வைத்த பழைய டாக்சிக் கதவை அவர் உட்கார்ந்தபடியே கையை நீட்டித் திறந்துவிடுவார்.

லண்டன் டாக்சி 25 அடிக்குள் திரும்ப வேண்டும் என்ற விதி இந்தப் பாதையின் சின்ன வட்டத்திலிருந்து வந்தது என்பதும் நன்றாகப் பரவிய கதை. அந்த விதி நகரத்து நெரிசலான தெரு முழுவதற்கும் போட்டது. ஒரு ஹோட்டல் வாசலுக்காக ஊருக்கே விதி எழுதமாட்டார்கள்.

சுவரோவியன்

வெளிச்சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டடக் கலைஞர் தாமஸ் கால்கட் மெருகிட்ட செங்கலைத் தேர்ந்தெடுத்தார். நிலக்கரிப் புகை சாதாரணக் கல்லின் துளைகளில் இறங்கி, மழைநீரோடு அமிலமாகி, கல்லை அரித்துக் கறுப்பாக்கும். மெருகுப் பரப்பில் புகை உட்காராது, கழுவினால் போய்விடும். 1903–04-இல் ஸ்ட்ராண்ட் பக்கம் விரிவாக்கியபோது டால்டன் கம்பெனியின் வெள்ளை மெருகுச் சுடுமண் ஓடுகளைப் போட்டார்கள். 1910-இல் ஆற்றுப் பக்கத்துத் திறந்த மாடங்களை மூடி அறைக்குள் சேர்த்தார்கள், குளியலறைக்கு இடம் வேண்டியிருந்தது. அழகு கொஞ்சம் குறைந்தது என்பதே என் எண்ணம்.

ஹோட்டல் எந்தப் புகையைத் தடுக்கப் பாடுபட்டதோ, அதைத் தேடி 1899, 1900, 1901 மூன்று வருடமும் கிளாட் மோனே வந்தார். சவாயின் ஆற்றுப் பக்க அறையிலிருந்து வாட்டர்லூ பாலத்தையும் சாரிங் கிராஸ் பாலத்தையும் வரைந்தார். புகைமூட்டத்தில் ஒளி சில நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். அதனால் பல ஓவியத் துணிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒளி மாற மாறத் துணியையும் மாற்றினார். பல ஓவியங்களை ஊருக்குப் போய்த்தான் முடித்தார். படுக்கையறையில் நின்று பார்த்த ஆறுதான் உலக அருங்காட்சியகங்களில் தொங்குகிறது.

தேன்பாகு

1905 கோண்டோலா விருந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷாம்பெயின் வியாபாரி ஜார்ஜ் கெஸ்லர், நடுமுற்றத்தில் தண்ணீர் கட்டி வெனிஸ் மாதிரி ஆக்கினார். 5 அடி கேக்கை ஒரு குட்டி யானை சுமந்து வந்தது, கரூசோ பாடினார். அன்னங்களையும் விட்டார்கள், தண்ணீருக்குப் போட்ட நீலச் சாயத்தில் அவை செத்துப்போயின.

பாறைநீர்

அந்தச் சாவுகளை எல்லாரும் வேடிக்கைச் செய்தியாக எழுதுகிறார்கள், எனக்கு ஆறவே ஆறாது. தேங்கிய நீர், வடிந்து புதுநீர் வர வழியில்லை. அன்னம் அலகால் நீரை அலசித்தான் தின்னும், இறகைக் கோதும்போது ஒட்டியதையும் விழுங்கும். அதில் சாயத்தைக் கொட்டும்முன் ஒரு பறவையை விட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

செங்கொடி_வாசகன்

ஆடம்பரத்தின் வரலாறு பேசினால் 1940 செப்டம்பர் 14 சனிக்கிழமை இரவையும் பேசணும். கிழக்கு லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்தது, ஸ்டெப்னி மக்களுக்குப் பதுங்க இடம் சரியில்லை. சவாயின் அடித்தளத்திலோ இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் பிரித்துக் கட்டில் போட்ட பதுங்கிடம். கம்யூனிஸ்ட் கட்சிக் கவுன்சிலர் ஃபில் பிராட்டின் தலைமையில் பல டசின் பேர், பிள்ளைகுட்டிகளோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். ஹோட்டல் ஊழியர்கள் அவர்களைத் துரத்தவில்லை. தேநீருக்கு விலை பேசி, கோப்பை 2 பென்ஸுக்கு வாங்கினார்கள். விமானங்கள் போனதற்கான சங்கு ஊதியதும் கிளம்பினார்கள். அரசு சுரங்க ரயில் நிலையங்களைப் பதுங்கிடமாக விட மறுத்துக்கொண்டிருந்த சமயம் அது. சில நாளில் அந்த மறுப்பு கைவிடப்பட்டது. பிராட்டின் 1945-இல் எம்.பி. ஆனார்.

கணக்குப்பிள்ளை

இந்த ஹோட்டல் 1998 வரை பெரிய சங்கிலி நிறுவனத்தின் கைக்குப் போகாமல் நின்றது பங்கு அமைப்பால். பங்கு இரண்டு வகை: ஏ, பி. பி வகை எண்ணிக்கையில் சொற்பம், ஆனால் வாக்கு பல மடங்கு. 1980-களில் டிரஸ்ட்ஹவுஸ் ஃபோர்ட்டே நிறுவனம் சுமார் 69% பங்கை வாங்கியும் அதற்குக் கிடைத்தது 42% வாக்குதான். பி பங்கு டாய்லி கார்ட் குடும்பத்திடமும் நிறுவனத் தலைவராக இருந்த ஹியூ வான்ட்னரைச் சேர்ந்தவர்களிடமும் இருந்தது. குடும்பத்தின் கடைசி வாரிசு பிரிஜெட் 1985-இல் காலமானார். பிறகு கைமாறிக் கைமாறி, 2005-இல் சவுதி இளவரசர் அல்வலீது தரப்புக்கு வந்தது, நடத்துவது ஃபேர்மான்ட் ஹோட்டல் நிறுவனம்.

நீராவி_நிலையம்

2007 டிசம்பரில் மூடி, சுமார் 3,000 உருப்படிகளை ஏலம் விட்டார்கள், நடனத் தரைப்பலகை உட்பட. திட்டம் 16 மாதம், 100 மில்லியன் பவுண்டு. திறந்தது 2010 அக்டோபர் 10-இல், செலவு 220 மில்லியன். பழைய கட்டடம் என்றாலே இந்தக் கணக்கு இப்படித்தான் போகும்: சுவரை உரிக்கும்வரை உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியாது, மதிப்பீடு உரிப்பதற்கு முன்னால் போடப்படுகிறது. நூறு வருடத்தில் ஒவ்வொரு தலைமுறையும் பழைய குழாயை எடுக்காமல் பக்கத்திலேயே புதியதை ஓட்டியிருக்கும். இங்கே கட்டட அமைப்பிலேயே எதிர்பாராத பலவீனங்கள் வெளிப்பட்டன. புதிய ஏற்பாட்டில் எரிவாயுவில் மின்சாரமும் வெப்பமும் சேர்த்து எடுக்கும் நிலையம் இருக்கிறது. சமையலறைக் குளிர்பெட்டிகள் வெளியேற்றும் சூடு வெந்நீருக்குப் போகிறது.

புதியவன்

அறை வாடகை கொடுக்க வழியில்லாதவர் இதில் எதையெல்லாம் பார்க்கலாம்?

கரைமணல்

ஸ்ட்ராண்டிலிருந்து சவாய் கோர்ட் வழியே உள்ளே பாருங்கள்: 1929-இல் போட்ட துருப்பிடிக்காத எஃகு முகப்பு, அதன் மேலே சவாய் பிரபு பீட்டரின் சிலை. 1246-இல் இந்த நிலத்தை மானியமாகப் பெற்றவர் அவர். இங்கே நின்ற சவாய் அரண்மனை 1381 விவசாயிகள் கிளர்ச்சியில் எரிந்தது. பிறகு ஹோட்டலை ஒட்டி ஆற்றுக்கு இறங்கும் கார்ட்டிங் சந்துக்குப் போங்கள். வெப் என்பவரின் காப்புரிமையில் செய்த கழிவுநீர்க் காற்று விளக்கு ஒன்று அங்கே நிற்கிறது.

சவாய் விருந்தாளிகளின் கழிவிலேயே அது எரிகிறது என்று வழிகாட்டிகள் சொல்வது தப்பு. அது எரிவது ஊர்க் குழாயில் வரும் வாயுவில். சுடரின் சூட்டில் கம்பத்துக்குள் காற்று மேலே இழுபடும். அடியில் சாக்கடையில் தேங்கிய வாயு அந்த இழுப்பில் ஏறிவந்து சுடரில் எரிந்து போகும். கழிவு வாயு மட்டும் அந்தச் சுடரைத் தாங்காது, அளவும் செறிவும் போதாது. ஊர் வாயுவை நிறுத்தினால் இழுப்பும் நின்று, நாற்றம் பழையபடி சந்துக்கு வரும். ஒருமுறை லாரி மோதிச் சாய்த்தது. சீர்படுத்தித் திரும்ப நிறுத்தினார்கள். பகலில் போனாலும் எரிந்துகொண்டிருக்கும், கம்பத்தின் பருமனைக் கவனியுங்கள்: சாதாரண விளக்குக் கம்பத்தைவிடப் பெரிது, உள்ளே காற்று ஏற வழி வேண்டுமல்லவா.